எப்போது தொடங்கியது என்று உன் மகள் கேட்டாள்

எந்தக் கதையையும் முழுதாகக் கேட்டு முடித்த பிறகே கோபப்படுகிற என் றெஜினாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் குசினி மேசையில் வைத்து மெலனி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அன்ரி, எப்ப தொடங்கினது?" மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டாள். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். ஒரு கிழமையாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியாததை உன்னிடம் கேட்பதுதான் என் வழக்கம். நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது, வழக்கம் போகவில்லை. இறந்தவர்கள் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறவள் அல்ல. "நீ கடவுளையும் போத்தலில அடைச்சு லாபுக்கு அனுப்பிற ஆள்" என்று சொன்னவளே நீதான். ஆனாலும் எழுதுகிறேன். எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். ஏன் என்பது பிறகு விளங்கும்.

முதலில் செய்தி. உன்னைக் கட்டிய யூட்டும் நானும் கலியாணம் செய்யப்போகிறோம். வருகிற நவம்பரில், அமெரிக்காவில், ஒரு பாலைவனத் தேசியப் பூங்காவில், சூரியன் எழும் நேரத்தில்.

இந்த வசனத்தைத் திருப்பி வாசித்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. இங்கே ஜெர்மனியில் கேவலார் மாதாவின் விழாவுக்கு ஒவ்வோர் ஆவணியும் என்னையும் இழுத்துக்கொண்டு போவாயே. நீங்கள் எல்லோரும் பவனியில் நடக்க, நான் வெயிலுக்குப் பயந்து பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்திருப்பேன். "நீ சைவக்காரி எண்டு மாதா பொறுத்துக்கொள்ளுவா, சோம்பேறி எண்டு பொறுக்கமாட்டா" என்பாய். அப்படிப்பட்டவள் இப்போது ஆளுக்கு எத்தனை போத்தல் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், அந்த மண்ணுக்கு எந்தச் சப்பாத்து நல்லது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாலைவனத்தைக் கண்டுபிடித்தது உன் மகள். இந்த வசந்த காலத்தில் யூட் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார் என்று கேள்வி. அவள் கேட்டாள், "ஓகே" என்றாள், பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த கிழமை, படிக்கிற டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்தபோது கையில் முழுத் திட்டமும் இருந்தது.

"மண்டபம் பிடிச்சு நானூறு பேரைக் கூப்பிட்டு மேடையில இருத்தினால் அன்ரி மயங்கி விழுந்திடுவா. நீங்கள் ரெண்டு பேரும் ஓடிப்போங்கோ."

"ஓடுறவை சின்ன வயசில ஓடுவினம், பிள்ளை" என்றேன்.

"இப்ப எல்லாரும் ஓடுகினம் அன்ரி. ஆனா நாள் நேரம் குறிச்சு, ரெர்மின் எடுத்துத்தான் ஓடுறது. படம் எடுக்கிற ஆளையும் பதிஞ்சுபோட்டு."

"என்ர முழங்காலோட ஓட ஏலாது" என்றார் யூட். "நடந்து போகலாம் எண்டால் யோசிப்பம்."

சிரித்தோம். உண்மையில் அவள் சொன்னதில் எங்கள் இருவருக்குமே நிம்மதி இருந்தது. இங்கேயே பதிவு அலுவலகத்தில் ஒரு காலையில் முடித்துவிடலாம்தான். ஆனால் பிராங்பேர்ட்டைச் சுற்றி நம் ஆட்கள் ஒருவராவது நிற்காத வாசல் எங்கே இருக்கிறது? நாற்பத்தொன்பது வயதிலும் என்னைக் 'குமர்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உன் கலியாணத்தில் தோழியாக நின்றபோதே வீடியோக்காரனுக்குப் பயந்து நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியது உனக்கு நினைவிருக்கும். இன்றும் அந்த வீடியோவில் என் ஒரு தோள்மூட்டு மட்டும்தான் இருக்கிறது.

பூங்காவின் விதிகளை மெலனி எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அனுமதி எடுக்க வேண்டும். அவர்கள் காட்டும் இடத்தில்தான் நிற்கலாம். கதிரை போடக்கூடாது. செடியைத் தொடக்கூடாது. பூவோ அரிசியோ தூவக்கூடாது. அங்கே உள்ள எலியும் பறவையும் தின்றுவிடுமாம். "அறுகரிசி போட ஆளும் இல்லை, அரிசியும் இல்லை" என்றார் யூட். போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே அந்த இடத்தை விட்டுவிட்டு வர வேண்டும். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை பேர் வருகிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாங்கள் இருவர், திருமணத்தை நடத்திவைக்கும் அதிகாரி, படம் எடுக்கும் பெண். நான்கு பேர். சட்டப்படி தேவையான சாட்சிக் கையெழுத்தையும் படம் எடுக்கிறவளே போடுவாளாம்.

இத்தனை பக்கமும் யோசித்து ஒழுங்கு செய்தவள் தன்னை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை என்பது எனக்கு முதலில் உறைக்கவில்லை.

போன ஞாயிறு அவள் நிரப்பிக்கொண்டிருந்தது படம் எடுக்கும் பெண் அனுப்பிய கேள்விகளை. என்ன நிறத்தில் உடுப்பு, ஏதாவது வாசிப்பீர்களா, பாட்டு வேண்டுமா என்று எல்லாவற்றையும் ஜெர்மனில் வாசித்துக்கொண்டே வந்தாள். உங்கள் கதை எப்போது தொடங்கியது என்பதும் அதில் ஒரு கேள்வி. அதை மட்டும் தமிழில் கேட்டாள். மற்றவற்றைக் கேட்ட குரலில் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் மியூனிக்கிலிருந்து ஸ்டெல்லா அக்கா எனக்குப் போன் எடுத்திருந்தாள். உன் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுகம் விசாரிக்காமல் கதை தொடங்குகிற ஒரே ஆள்.

"ஓடப்போறியளாமே."

"ஓம் அக்கா."

"கட்டுறதை நான் பிழை சொல்லேல்லை. அவனும் தனிய, நீயும் தனிய. ஆனா ஏன் களவாய்? கோயிலில நாலு பேருக்கு முன்னால நிண்டு செய். களவாய்ச் செய்தால், முந்தியே களவு இருந்ததெண்டுதான் சனம் கதைக்கும்."

கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இருவது வருஷமாய் அண்ணை, அண்ணை எண்டு வாய் நிறையக் கூப்பிட்டனீ. என்ர தங்கச்சி படுக்கையில கிடக்கேக்க ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குப் போய் வந்தனீ. இப்ப ரெண்டு பேருமாய்க் கண்காணாத இடத்துக்கு ஓடினால் சனம் எதை எதோட பொருத்தும்? நீ படிச்சனீ, நீயே சொல்லு."

நான் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் ஒரு முடிவு எனக்குப் பிடிக்காவிட்டால் எங்கே பிழை என்று தேடுவேன். ஸ்டெல்லா அக்கா சொன்னதையும் அப்படித்தான் தேடினேன். பிழை கிடைக்கவில்லை. ஒளிவதற்காக நாங்கள் ஓடவில்லை, கூச்சத்தில் ஓடுகிறோம். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே ஓட்டம்தான்.

சனம் கதைப்பதை நான் தாங்கிக்கொள்வேன். மெலனி?

உன் கடைசி வருஷத்தில் நான் வேலை முடிந்து நேரே எஸ்-பான் ரயிலில் உன்னிடம் வந்துவிடுவேன். விமான நிலையத்தில் யூட்டின் வேலை தொடங்கும் நேரமும் அதுதான். அவர் வாசலில் சப்பாத்துப் போடுவார், நான் கழற்றுவேன். எங்கள் பேச்சு அந்த அளவுதான். "குளிசை குடுத்தாச்சு. கஞ்சி பாதிதான் குடிச்சவ." "சரி அண்ணை." "ஏதும் எண்டால் எடுங்கோ." "ஓம் அண்ணை, நீங்கள் போங்கோ அண்ணை." மெலனி அப்போது படிக்கப் போன புதிது. வெள்ளிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவாள். மற்ற நாட்களில் உன் வீட்டில் நடந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்காத நாட்களை ஒரு பிள்ளை தன் மனதுக்குள் எதைக் கொண்டு நிரப்பும்?

நீ ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருந்தால் வசதியாக இருந்திருக்கும். கதைகளில் சாகிறவர்கள் கையைப் பிடித்து ஏதாவது ஒப்படைத்துவிட்டுத்தான் சாகிறார்கள். நீ ஒன்றும் ஒப்படைக்கவில்லை. கடைசியாக என்னிடம் கேட்டது, "கஞ்சிக்கு உப்புப் போட்டனியோ?" நான் போட்டிருந்தேன். நீ நம்பவில்லை.

அதனால் உன் பெயரைச் சொல்லி என்னால் எதையும் நியாயப்படுத்த முடியாது. நீ சந்தோஷப்படுவாய் என்று யூட் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டு, அடுத்த நாள் என்ன சேலை என்று கேட்பாய். அதுகூட நான் விரும்புவதால் நினைப்பதாக இருக்கலாம்.

எப்போது தொடங்கியது? எங்கள் வேலையில் ஒரு பரிசோதனை உண்டு. குடிதண்ணீர் நிரம்பிய குடுவைக்குள் இன்னொரு திரவத்தைத் துளி துளியாக விடுவோம். ஒன்றும் நடக்காது. விட்டுக்கொண்டே இருப்போம், ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு துளியில் குடுவை முழுவதும் நிறம் மாறிவிடும். அந்தத் துளியைத்தான் குறித்துக்கொள்வோம். முன்பு விழுந்த துளிகள் எல்லாம் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தன என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததில்லை. இந்தக் கிழமை யோசிக்கிறேன்.

நிறம் மாறிய துளி எது என்று எனக்குத் தெரியும், றெஜினா. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமைகளில் உன் கல்லறைக்குப் போவோம். முதலில் நிறையப் பேர் வந்தார்கள். பிறகு குறைந்தார்கள். பிறகு அவரும் நானும்தான். போன வருஷம் பனி விட்டு, பூக்கன்று வைக்கத் தொடங்குகிற நாட்கள். நான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். யூட் குழாயடியில் இரண்டு பூவாளிகளை நிரப்பிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். "தண்ணி சரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ கௌரி. பிறகு இவ என்னைத்தான் ஏசுவா." முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. நீ போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. "நல்ல தண்ணிதான், ஊத்துங்கோ" என்றேன்.

திரும்பி வரும்போது எஸ்-பானில்தான் கவனித்தேன். 'ஊத்துங்கோ அண்ணை' என்று நான் சொல்லவில்லை. சிநேகிதியின் புருஷனை அண்ணை என்று கூப்பிடுவது நம் பழக்கம். அது ஒரு வேலி, நல்ல வேலி. இருபது வருஷம் அந்த வேலிக்குள் நின்று உன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், சண்டை பிடித்திருக்கிறேன். அது விழுந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை. விழுந்தது உன் தலைமாட்டில்.

இதை எப்படி உன் மகளிடம் சொல்வது?

நாளை அவள் வருகிறாள். பூங்காவுக்கான விண்ணப்பம் நாளை அனுப்பப்பட வேண்டும். அதற்கு முன் நான் இரண்டு காரியம் செய்யப்போகிறேன். கல்லறையில் நடந்ததைச் சொல்வேன். பிறகு, அந்தச் சாட்சிக் கையெழுத்தை அவளே வந்து போடுவாளா என்று கேட்பேன். அவள் முடியாது என்றால் நாங்கள் போகப்போவதில்லை. யூட்டிடம் சொல்லிவிட்டேன். "சரி" என்றார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, உன் மகளுக்குத் தெரியாத ஒரு கதையோடு, நீ நின்ற இடத்தில் போய் நிற்க என்னால் முடியாது.

இவ்வளவும் சனிக்கிழமை பின்னேரம் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி கீழே எழுதுகிறேன்.

மழை. மெலனி நனைந்த தலையோடு வந்தாள். யூட் பக்கத்து அறையில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது, எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தேநீர்கூடப் போடாமல் தொடங்கிவிட்டேன். பூவாளியைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன், சிரித்ததைச் சொன்னேன். அது அம்மாவின் கல்லறையில் என்றேன். அண்ணை என்று சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"போன வருஷ ஈஸ்டர். எல்லாரும் இருந்து சாப்பிடேக்க நீங்கள் அப்பாட்டை 'இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ' எண்டு கேட்டியள். அவ்வளவுதான். பின்னால அண்ணை இல்லை. நான் உங்கட வாயைப் பாத்துக்கொண்டு இருந்தனான், இப்ப வரும், இப்ப வரும் எண்டு. வரேல்லை." மேசையில் கிடந்த கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "அம்மா இருக்கேக்க நீங்கள் ஒரு வசனத்துக்கு மூண்டு அண்ணை போடுவியள் அன்ரி. எனக்கு எரிச்சல் வரும்."

ஸ்டெல்லா அக்காவின் கேள்விக்கு நான் தேடிக் கிடைக்காத பதிலை, நீ இருந்தவரை அந்த அண்ணை குறையவே இல்லை என்பதை, இவள் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பிறகேன் என்னட்டைக் கேட்டனீ?"

"நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாக்க."

பிறகு, "அப்பாவும் சிரிச்சவரோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அவள் யன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் இருந்தாள். அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாவது காரியத்தையும் கேட்டேன். வருவாயா, கையெழுத்துப் போடுவாயா?

"ஏலாது அன்ரி." யோசிக்கவே இல்லை. "நீங்கள் கட்டுறது எனக்குப் பிரச்சினை இல்லை. உண்மையாய் இல்லை. ஆனா அப்பாக்குப் பக்கத்தில வேற ஆள் நிக்கிறதை நிண்டு பாக்க ஏலாது. அதுக்குத்தானே இவ்வளவு தூரத்தில இடம் தேடினனான்."

"அப்ப நாங்களும் போகேல்லை."

"இது என்ன, மிரட்டலோ?"

"இல்லை. நான் உன்ர அம்மாக்குச் சொல்லிப்போட்டன்."

"அம்மா செத்துப்போனா எண்டு சொல்லுற ஆள் நீங்கள்தானே. உங்களுக்கு உதில நம்பிக்கை இல்லையே."

"நம்பிக்கை இல்லைத்தான். ஆனாலும் சொல்லிப்போட்டன்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், றெஜினா. நீ என்னைப் பார்க்கிற பார்வை. பிறகு மடிக்கணினியைத் திறந்து எதையோ அழித்து எதையோ அடித்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள். எத்தனை பேர் என்ற இடத்தில் நான்கு இல்லை, ஐந்து.

"வருவன் எண்டு சொல்லேல்லை" என்றாள். "பிறகு கூட்டுறதெண்டால் கஷ்டம். குறைஞ்சால் அவை ஒண்டும் கேக்கமாட்டினம். அதுக்குத்தான் போட்டது. நவம்பர் வரைக்கும் என்னை ஒருத்தரும் கேக்கக்கூடாது. அப்பாவும்."

பக்கத்து அறையிலிருந்து "நான் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை" என்று குரல் வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் கைப்பேசியை எடுத்து, எனக்கும் கேட்கும்படி மேசையில் வைத்து, ஸ்டெல்லா அக்காவை அழைத்தாள்.

"பெரியம்மா, நீங்கள் அன்ரிக்கு எடுத்துக் கதைச்சது எனக்குத் தெரியும். அவை களவாய்ப் போகேல்லை. ஒருத்தரும் ஓடேல்லை. நான்தான் அனுப்பிறன்."

அக்கா துண்டித்துவிட்டாளோ என்று நான் திரையைப் பார்த்தேன். இல்லை. பிறகு அக்காவின் குரல், முன்னைவிடச் சின்னதாக.

"அங்க விடியப்புறம் குளிருமோ?"

"குளிரும் பெரியம்மா. பாலைவனம் எண்டாலும் நவம்பர்தானே."

"ம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

மெலனி விண்ணப்பத்தை அனுப்பினாள். படம் எடுக்கும் பெண்ணின் கேள்விகளையும் அனுப்பினாள். எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. "அது அவைக்குத் தேவையில்லை" என்றாள். பிறகு எழுந்து தேநீர் போட்டாள். எனக்குச் சீனி இல்லாமல்.

கோயிலில் நாலு பேருக்கு முன்னால் நிற்க முடியாத நான் இந்தக் கடிதத்தை எல்லோர் முன்னும் வைக்கிறேன்; அதற்கு முன் அவளுக்கும் யூட்டுக்கும் வாசிக்கக் கொடுத்தேன். மெலனி ஒரு பந்தியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். உப்புக் கதையை எடுக்க வேண்டாம் என்றாள்.

போகுமுன் பூவாளியோடு உன்னிடம் வருவோம். திரும்பி வந்தும் வருவேன். அந்த விடியலில் நாங்கள் நான்கு பேர் நின்றோமா, ஐந்து பேர் நின்றோமா என்பதை வேறு யாருக்கும் சொல்லுமுன் உனக்குச் சொல்வேன். எத்தனை பேர் என்றாலும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். இது வாக்கு.

உன் மகளுக்கு என்றும் அன்ரியாகவே இருக்கப்போகிற,
உன் கௌரி